பலாப்பழ விசாரணை

மதுரை ஜங்ஷன் பார்சல் ஆபீசில்
மிர்சா ஷம்சுத்தீன் பேக்
பகலெல்லாம் எழுதியது
உடைந்த, அழுகிய, காணாமற்போன சாமான்களின் பட்டியல்.
டூட்டி முடிந்தால்
அதே ரசீதுகளின் முதுகில் கதை.
ஹைதராபாத் மாசப் பத்திரிகையில் அவர் பெயர்
தர்பூஸ் மதுரவி.
தர்பூஸ் என்றால் நம்ம தர்பூசணி.
ஏன் சார் இப்படி ஒரு பெயர் என்று கேட்டேன்.
"துப்புறதுக்குக் கொஞ்சம் விதை வேணாமா, தாயி?"

எங்களில் ஒருத்தருக்கும் உருது தெரியாது.
அதனால் அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது.

வண்டி லேட்டான ஒரு ராத்திரி
ஆம்பூர்க்கார கார்டு உளறிவிட்டார்:
"உங்க சூப்பரின்டெண்டைப் பலாப்பழமா எழுதியிருக்காரே!"
கோதண்டபாணி சார் முகத்தில்
அப்போதே முள் விட்டது.

விசாரணை வைத்தார்கள்.
சாட்சிப் பொருள்: பத்திரிகை ஒன்று.
ஆபீசர் முதலில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்,
பிறகு பின்பக்கத்திலிருந்து.
காஜிமார் தெருவுக்கு ஆள் போனது.
"ஓதறது அரபு, பேசறது தமிழு,
இது வேற சரக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
கார்டோ திண்டுக்கல் தாண்டியாயிற்று.
கடைசியில்
குற்றம் சாட்டப்பட்டவரையே
மொழிபெயர்ப்பாளராக நியமித்து ஆர்டர்.
பேட்டா ஏழரை ரூபாய்.

நான் ஸ்டெனோ.
அவர் விரல் வலமிருந்து இடம் நகர
என் பென்சில் இடமிருந்து வலம் ஓடியது.
பியூன் முத்திருளனுக்கு
இரண்டும் மழைக்குப் பிந்திய மண்புழு.

பண்ருட்டியிலிருந்து வந்த பலாப்பழத்தை
எடுக்க ஆளில்லை.
வாசனை ஏறுகிறது.
கிளார்க் குறிப்பு எழுதுகிறார்,
அதன் மேல் ஹெட் கிளார்க்,
அதன் மேல் டிவிஷன்.
பழம் குழையக் குழைய ஃபைல் பழுக்கிறது.
தந்தி வருகிறது:
பழம் தன் விளக்கத்தை மூன்று நாளில் தரவும்.

முதலில் சிரித்தது முத்திருளன்.
பிறகு ஆபீசர், தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டு.
கோதண்டபாணி சார்தான் நெடுநேரம் சிரித்தார்,
மேசையை அடித்து அடித்து,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து.
கதைக்குள் இன்னும் தான் வரவில்லை என்பதால்.

பேக் சார் பக்கத்தைத் திருப்பினார்.
அவரைப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு பத்திரிகையைப் பார்க்காமலே:
"மேலூர்ப் பொம்பளை ஒருத்தி ரசீதோட வந்தா.
மோந்து பாத்தா. அரிவாள்மணை கேட்டா.
கொட்டையை மட்டும் முந்தியில முடிஞ்சுக்கிட்டு,
கொழம்புக்கு இது போதும்,
மிச்சம் சர்க்காருக்குன்னு போயிட்டா.
முற்றும்."

"இதுல நான் எங்கய்யா?"
என்றார் கோதண்டபாணி சார்,
கொஞ்சம் ஏமாந்தவர் போல.

ஆனாலும் ஒரு இன்க்ரிமென்ட் போயிற்று.
ரசீதின் முதுகு ரயில்வேயின் சொத்தாம்.
மாசம் எட்டு ரூபாய்.
"பேட்டா கழிச்சா இந்த மாசம் எட்டணாதான் நட்டம்,
இவ்வளவு மலிவா எனக்கு எவனும் கைதட்டினதில்ல."

அவர் மவுத்துச் செய்தியைப் பத்திரிகை போட்டது,
வேறு யாரோ ஒருவர் படத்தோடு.
மகபூப்பாளையம் வீட்டில்
ஜைத்தூன்பீ அதை என்னிடம் நீட்டினார்.
"மீசை நல்லாத்தான் இருக்கு" என்றார்.
சிரித்தார். அப்புறம் சேலைத் தலைப்பைத் தேடினார்.

வாசலில் அந்த ஆம்பூர் கார்டு, ரிடையராகி, தொப்பி மடியில்.
அச்சில் இருக்கிற முடிவை அவர்தான் சொன்னார்:
பழத்தையே சூப்பரின்டெண்டாக உயர்த்திவிடுகிறார்கள்,
ஆபீசில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.
மேலூர்ப் பொம்பளையா?
அப்படி யாரும் வரலையேம்மா.

டைப் அடித்த பிரதியை
விதிப்படி பத்து வருஷத்தில் எரித்தார்கள்.
அவள் இப்போது இருப்பது
என் நோட்டில், நாற்பத்தோராம் பக்கத்தில்,
மங்கிய பென்சிலில்.
நடவடிக்கைக் குறிப்பில் சிரிப்பைப் பதியக் கூடாது.
அதனால் சிரித்த இடத்திலெல்லாம்
ஒரு சுழி போட்டு வைத்தேன்,
எந்தச் சுருக்கெழுத்துப் புத்தகத்திலும் இல்லாத சுழி.

நேற்று எண்ணினேன்.
கோதண்டபாணி சாருக்கு மட்டும் பதினொன்று.